பிஇஎஸ்–பிவிபி சவ்வு: காய்ந்தால் தண்ணீர் இறங்கவில்லை, ஈயமும் நிற்கவில்லை

கேள்வி:
தண்ணீர் வடிகட்டும் சவ்வு செய்கிறேன்: பிஇஎஸ் (பாலிஈதர்சல்ஃபோன், சவ்வின் பிளாஸ்டிக்) 18%, பிவிபி கே30 (பாலிவினைல்பைரோலிடோன், துளை உண்டாக்கச் சேர்க்கும் நீரில் கரையும் பாலிமர்) 4%, மீதி டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு, கரைப்பான்). 60 டிகிரியில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் 200 மைக்ரான் கனத்தில் இழுத்து, உடனே தண்ணீரில் முக்கினேன். ஈரத் துண்டில் நீர் நன்றாகப் போகிறது. காய்ந்த துண்டில் 2 பாரில்கூடச் சொட்டு இல்லை. ஆங்காங்கே ஊசித்துளைகள். 10 மி.கி./லி. ஈயக் கரைசல் விட்டால் 9-க்கு மேல் அப்படியே வெளியே வருகிறது. பிவிபியைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
காய வைத்ததுதான் வினை. நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை நுண்துளைச் சுவர்களை உள்ளே இழுத்து ஒட்டிவிடும். வார்த்ததும் ஒரு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு டிஎம்எஃப்பை வெளியேற்றுங்கள். பிறகு தண்ணீரிலேயே வையுங்கள். உலர்த்தியே ஆகவேண்டுமென்றால் முதலில் 20% கிளிசரினில் ஓர் இரவு ஊறட்டும். காய்ந்துபோனதை 50% எத்தனாலில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். நனையாமல் இருந்த துளை திறக்கும், ஒட்டிய துளை திறக்காது.

பதில் 2:
ஊசித்துளைக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக்குமிழி. கலக்கி முடித்ததும் வார்க்காதீர்கள், மூடி ஓர் இரவு அசையாமல் விடுங்கள். பிஇஎஸ், பிவிபி இரண்டுமே ஈரம் உறிஞ்சும். கரைக்குமுன் அடுப்பில் உலர்த்துங்கள். மழைநாளில் இழுத்த படலம் தொட்டியில் இறங்குமுன்பே பால்போல வெளுத்தால் காற்றின் ஈரம் வேலை செய்துவிட்டது, அந்தத் தகட்டைத் தள்ளிவிடுங்கள். முக்கும்போது கை நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் கோடு விழும்.

பதில் 3:
ஈயத்துக்கு பிவிபி உதவாது. இது அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு, பெரிய மூலக்கூறுகளை மட்டுமே தடுக்கும். துளை சில நானோமீட்டர், நீர் சூழ்ந்த ஈய அயனி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஊட்டநீரில் (சவ்வுக்குள் விடும் நீரில்) பாலிஎத்திலீன்இமின் என்ற, அமீன் தொகுதிகள் நிறைந்த பாலிமரைச் சேருங்கள்: ஈயம் 10 மி.கி.க்கு 100 மி.கி. என்று தொடங்கலாம், அதன் மூலக்கூறு எடை சவ்வின் கட்-ஆஃபைவிட (சவ்வு தடுக்கத் தொடங்கும் எடை வரம்பு) நன்றாகப் பெரிதாக இருக்கட்டும். அமீன் பிடித்த ஈயம் சவ்வைத் தாண்டாது. பிஎச் 5–6 போதும். அதற்கு மேலே போனால் ஈயம் ஹைட்ராக்சைடாகப் படிந்து, சவ்வு தடுத்ததுபோல ஏமாற்றும். ஆகவே பாலிமர் சேர்க்காத ஓட்டமும் அதே பிஎச்சில் கட்டாயம். வடிநீரில் (சவ்வைத் தாண்டி வந்த நீரில்) ஒரு துளி மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல் விடுங்கள். கருநீலமாக மாறினால் பாலிமரே கசிகிறது, ஊசித்துளையை முதலில் கவனியுங்கள்.