கார் சாவி கடல்ல போயிடுச்சு, புது சாவி பண்ண எத்தனை நாள் ஆகும்? (கடலூர்)

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம் மக்களே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பசங்களோட சில்வர் பீச் போனேன், சின்னவன் அலைல கால் நனைக்கணும்னு ஒரே அடம், சரின்னு நானும் இறங்கினேன், முட்டி வரைக்கும் வரும்னு பார்த்த அலை இடுப்பு வரைக்கும் அடிச்சுட்டு போச்சு, மேல வந்து பார்த்தா ஷார்ட்ஸ் பாக்கெட்ல சாவி இல்ல. சுண்டல் விக்கிற பையன் கூட பாவம் செல்ஃபோன் லைட் அடிச்சு தேடினான், ஒண்ணும் கிடைக்கல.

வண்டி 2015 ஸ்விஃப்ட் டீசல், பாண்டில செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பிஒய் 01 நம்பர். வாங்கும்போதே ஒரு சாவி தான் குடுத்தாரு, இன்னொன்னு வீட்ல எங்கயோ இருக்கு தேடி தரேன்னாரு, அதோட சரி, நானும் விட்டுட்டேன். ஸ்டியரிங் லாக் ஆகி ஹேண்ட்பிரேக்கும் போட்டிருந்ததால கட்டி இழுக்க முடியாதுன்னுட்டாங்க, பிளாட்பெட் வரவெச்சு வீட்டுக்கு ஏத்திட்டு வந்ததுக்கே 2500 போச்சு.

ஷோரூம்ல கேட்டா ஆர்சி, ஆதார், போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் கொண்டாங்க, ஆர்டர் போட்டா 10லேந்து 15 நாள்ங்கிறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை மச்சினிக்கு வளைகாப்பு, சிதம்பரம் போயே ஆகணும். வெளிய சாவி போடுறவங்க இந்த சிப் சாவி பண்ணுவாங்களா, எவ்ளோ நேரம் ஆகும், வண்டிக்கு ஏதாவது ஆயிடுமா?

லாஸ்பேட்டை டீசல்:
ப்ரோ எனக்கு போன வருஷம் இதே கதை, வேற கம்பெனி வண்டி. 12 நாள்னாங்க, 19 நாள் ஆச்சு. அதுல சாவி வேலைன்னு நடந்தது அரை மணி நேரம் தான், மீதி எல்லாம் பேப்பர் சுத்தினது. சேஸிஸ் நம்பர் வெச்சு மேல ஆர்டர் போகும், அங்கேந்து சாவி வெட்டி வரும், வந்தப்புறம் வண்டிய மெஷின்ல மாட்டி சேர்க்கணும். முழு பணமும் முன்னாடியே கட்டணும். முக்கியமான விஷயம், வண்டிய நாம தான் அங்க கொண்டு போகணும், அதுக்கு இன்னொரு பிளாட்பெட். புது வண்டி வாங்கும்போது சாவியோட நம்பர் போட்ட குட்டி தகடு ஒண்ணு தருவாங்க, அது பழைய ஓனர்கிட்ட இருக்கான்னு கேளுங்க, இருந்தா பாதி வேலை குறையும்.

பூட்டுக்கடை பையன்:
அண்ணா, எங்க அப்பா பாண்டில சாவி கடை வெச்சிருக்காரு, சிப் வேலை இப்ப நான் பார்க்குறேன், விளம்பரம்னு நினைக்காதீங்க. உங்க சாவில ரெண்டு விஷயம் இருக்கு, இரும்பு ஒண்ணு, சிப் ஒண்ணு. மாருதி 800, ஆம்னி காலத்துல இரும்பு மட்டும் தான், டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ராவி குடுத்துடுவாங்க. இப்ப சாவி தலைக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்கு, அதுக்கு பேட்டரி எல்லாம் கிடையாது, இக்னிஷனை சுத்தி இருக்குற காயில் தான் அதை எழுப்பி கோட் கேக்கும், கோட் சரியா இருந்தா தான் வண்டி பிடிக்கும். சும்மா இரும்பு மட்டும் வெட்டி போட்டா கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஒரு சாவி கைல இருந்தா டூப்ளிகேட் ஒரு மணி நேரம் கூட ஆகாது. உங்களுக்கு எல்லா சாவியும் போச்சு, அதனால கதவை திறந்து, லாக்கை கழட்டி உள்ள இருக்குற தகடு பார்த்து சாவி வெட்டி, அப்புறம் ஸ்டியரிங்குக்கு கீழ இருக்குற ஓபிடி சாக்கெட்ல மெஷின் மாட்டி சிப் சேர்க்கணும், ரெண்டு மூணு மணி நேரம் வெச்சுக்கோங்க. வீட்டுக்கே வந்து பண்ணலாம், வண்டி அசைய வேணாம். கார் பேட்டரி சார்ஜ் நல்லா இருக்கணும், புரோகிராம் நடுவுல வோல்டேஜ் இறங்கினா தான் தலைவலி. போடும்போதே ரெண்டு சாவியா போட்டுக்கோங்க. பழைய சாவியோட கோடை வண்டி மெமரிலேந்து தூக்க சொல்லுங்க. ஆர்சி கேக்காம சாவி போட்டு தர்றேன்னு எவனாவது வந்தா அவன்கிட்ட போகவே போகாதீங்க.

கிருமாம்பாக்கம் சிக்னல்:
தூக்கணுமா, கடல்ல இருக்குற வஞ்சிரம் வந்தா வண்டிய ஓட்டிட்டு போகப் போகுது 😂 சும்மா சொன்னேன் ப்ரோ. ஆனா கரை ஒதுங்கினா எடுத்து வைங்க. எனக்கு சுண்ணாம்பாறு போட்ல சாவி தண்ணில விழுந்து ரிமோட் செத்துடுச்சு, சாவிய போட்டு திருகினா வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆச்சு. பேட்டரி இல்லாத சிப்னு மேல தம்பி சொன்னாரு பாருங்க, அதான்.

ஆர்டிஓ வாசல்:
எல்லாரும் சாவிய பத்தியே பேசுறீங்க. சார், ஆர்சி உங்க பேருக்கு மாத்தியாச்சா?

மஞ்சக்குப்பம்வாசி:
இல்ல சார்... பாண்டி ஆர்டிஓல என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கணும்னு அப்படியே இருக்கு 🙈

ஆர்டிஓ வாசல்:
நினைச்சேன். வாங்கின 30 நாள்ல பேர் மாத்தணும் சார். பாண்டி வண்டிய தமிழ்நாட்டுக்கு கொண்டு வந்தா அங்க என்ஓசி வாங்கி இங்க டேக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும், அது வேற. இப்போதைக்கு ஷோரூம் ஆர்சில இருக்குற பேர்ல உள்ள ஆளைத்தான் கேப்பான், நீங்க நாள் கணக்குல நிக்கணும். பழைய ஓனருக்கு போன் போட்டு ஆதார் காப்பியும் லெட்டரும் வாங்குங்க. தொலைஞ்சது கடலூர்ல, அதனால அந்த ஏரியா ஸ்டேஷன்ல மனு குடுத்து சி.எஸ்.ஆர். (மனு வாங்கினதுக்கு போலீஸ் தர்ற ரசீது) வாங்கிடுங்க. இன்சூரன்ஸ்ல கீ கவர் இருந்தா அதுக்கும் இந்த பேப்பர் தான் கேப்பாங்க. வண்டி திருடு போனா ரெண்டு சாவியும் கொண்டாம்பான், ஒரு சாவியோட வண்டி வாங்கினதே தப்பு சார், கோவிச்சுக்காதீங்க.

மஞ்சக்குப்பம்வாசி:
அப்டேட். திங்கக்கிழமை ஸ்டேஷன் போய் சி.எஸ்.ஆர். வாங்க அரை நாள், பழைய ஓனரை பிடிச்சு பேப்பர் வாங்க ரெண்டு நாள். வியாழக்கிழமை பாண்டிலேந்து ஒருத்தர் வந்தாரு, ஓனர்கிட்ட வீடியோ கால்ல பேசிட்டு தான் பெட்டியவே திறந்தாரு. 10:40க்கு ஆரம்பிச்சு 1:15க்கு வண்டி ஸ்டார்ட், ரெண்டு சாவிக்கும் சேர்த்து 6500. பழைய சாவிய மெமரிலேந்து தூக்கிட்டாரு. வளைகாப்புக்கும் போயிட்டு வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி.

கூத்து என்னன்னா நேத்து பழைய ஓனர் போன் பண்றாரு, நாம கேட்டோமேன்னு பீரோவ குடைஞ்சிருக்காரு, அந்த இன்னொரு சாவி கிடைச்சுடுச்சாம். அதைத்தான் தூக்கியாச்சே, இனிமே அது எதுக்கு?

பூட்டுக்கடை பையன்:
தூக்கி போட்டுடாதீங்க அண்ணா, அதே வண்டி சாவி தானே, திரும்ப மெமரில சேர்த்துடலாம், பத்து நிமிஷ வேலை. வரும்போது புது சாவி ரெண்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.