இந்துப் பிள்ளை ஷரியா சட்டம் படித்தால் பயன் உண்டா?

கிள்ளான் அம்மா:
வணக்கம். என் மகள் சட்டம் முடித்து இப்போது சேம்பரிங்கில் (வக்கீலாகப் பதிவதற்கு முன் செய்யும் பயிற்சி) இருக்கிறாள். அடுத்து மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஷரியா சட்ட டிப்ளோமாவுக்கு மனு போடப் போகிறாளாம். அவள் அப்பாவோ, நம் பிள்ளையை முஸ்லிம்களுக்கான ஷரியா கோர்ட்டில் நிற்கவே விடமாட்டார்கள், எதற்கு வீண் செலவு என்கிறார். படித்துத் தேறிய பிறகும் மதத்தைச் சொல்லி நிறுத்த முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ வக்கீல்:
முடியும் அக்கா, கோலாலம்பூரில் நிறுத்தியே விட்டார்கள். விக்டோரியா ஜெயசீலி மார்ட்டின் என்ற வழக்கறிஞர் அதே பல்கலைக்கழகத்தில் அதே டிப்ளோமா வாங்கியவர், ஆனால் கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் 1993ஆம் ஆண்டு விதிப்படி ஷரியா வழக்கறிஞர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 3-2 என்று அதை மாற்றிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர் அவருக்காகப் பேசியிருக்கிறார்கள், அதையும் மறக்கக்கூடாது.

பினாங்கு ரஹீம்:
அக்கா, நான் முஸ்லிம், அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஷரியா கோர்ட்டின் அதிகாரம் முஸ்லிம்கள் மேல் மட்டும்தான், அதனால் அங்கே வாதாடுபவரும் முஸ்லிமாக இருக்கட்டும் என்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஆனால் படிப்பே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எங்கள் சட்டத்துறைக்குப் பேராசிரியர் அகமட் இப்ராஹிம் பெயரை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் அவர், 1972இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் டீன், பிறகு 1983இல் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சட்டத்துறையை ஆரம்பித்தார். சிவில் சட்டம், ஷரியா இரண்டையும் ஒரே மாணவன் படிக்க வேண்டும் என்பதுதான் இங்குள்ள ஏற்பாடு. அப்படிப் படித்தவர்கள்தான் இன்று அரசாங்க வேலையிலும் நீதிபதி நாற்காலியிலும் இருக்கிறார்கள், அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது எதிரில் நிற்கும் வக்கீலுக்குத் தெரியாமல் போனால் நஷ்டம் யாருக்கு?

ஈப்போ வக்கீல்:
ரஹீம் பாய் கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. முதலில் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் முஸ்லிம்கள் மேல் மட்டும் என்பது ஏட்டில்தான். நான் ஜூனியராக இருந்தபோது ஓர் அம்மா வந்தார். கணவர் மதம் மாறிவிட்டார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார், மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது. பிள்ளைகளை அப்பாவிடம் கொடுக்கும் ஷரியா உத்தரவு. அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதிலிருந்த 'ஹடானா' என்ற சொல்லுக்குப் பிள்ளையை வளர்க்கும் உரிமை என்று பொருள், அதைக்கூட நாங்கள் ஒரு முஸ்லிம் நண்பருக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் ஊரில் இந்திராகாந்தி என்ற தாய் போட்ட வழக்கும் இதே கதைதான். 2009இல் கணவர் மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார், பிள்ளைகள் அந்த இடத்திலேயே இல்லை, இஸ்லாத்தை ஏற்பதாகச் சொல்லும் கலிமாவும் சொல்லவில்லை. கடைசிப் பெண்ணுக்கு அப்போது 11 மாதம். 1988இல் அரசமைப்பில் சேர்த்த 121(1ஏ) பிரிவைக் காட்டி, இது ஷரியா கோர்ட் விவகாரம், சிவில் கோர்ட் தொடக்கூடாது என்று வாதாடினார்கள். 2018 ஜனவரி 29இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது, தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் பேராக் மாநில இஸ்லாமியச் சட்டத்தையே வரி வரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷரியா தெரியாத வக்கீல் அந்த வழக்கில் என்ன செய்திருக்க முடியும்?

செராஸ் வாசு:
அரசாங்கத்தையும் சொல்லுங்கள் அண்ணே. இருவர் சம்மதம் வேண்டும் என்ற 88ஏ பிரிவைத் திருமணச் சட்டத் திருத்தத்தில் சேர்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் 2017 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டு மீதியை நிறைவேற்றினார்கள். வாக்கு அரசியல், வேறென்ன.

கிள்ளான் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அவள் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன், பிளாஸ்டிக் பை வந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். கோலாலம்பூரைத் தவிர மற்ற மாநிலங்களிலும் இதே விதியா என்று மகள் கேட்கிறாள்.

ஈப்போ வக்கீல்:
மாநிலத்துக்கு மாநிலம் தனிச்சட்டம் அக்கா. எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறாளோ அந்த மாநிலத்து ஷரியா வழக்கறிஞர் விதிகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மனு போடட்டும்.