போட்டோ ஃபினிஷ்: நீச்சலில் போட்டோ எங்கே இருக்கிறது?

வணக்கம். 'போட்டோ ஃபினிஷ்' (மிக நெருக்கமாக வந்தவர்களில் யார் முதல் என்று படம் பார்த்துத் தீர்ப்பது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. இடையிடையே மேற்கோளாக வருபவை உங்கள் வரிகள்.

> நிழற்பட முடிவு என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

எளிமைதான், ஒப்புக்கொள்கிறேன். புரியும் என்பதில்தான் சந்தேகம். 'நிழற்பட முடிவு' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், ஏதோ புகைப்படப் போட்டிக்கு முடிவு அறிவித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைப்பேன். சரி, அது சின்னக் குறை, பழகப் பழகப் போய்விடும். பெரிய குறை வேறு. நாம் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தது நீச்சலுக்காக. நீச்சலில் யார் முதலில் வந்தார் என்பதைப் போட்டோ பார்த்து முடிவு செய்வதே இல்லை.

ஓட்டப் பந்தயத்திலும் குதிரைப் பந்தயத்திலும் போட்டோ உண்மையாகவே தீர்ப்புச் சொல்கிறது. முடிவுக் கோட்டுக்கு நேராக நிறுத்திய கேமரா அந்தக் கோட்டை மட்டும் மெல்லிய கீற்றாக, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பதிந்துகொண்டே போகும். அந்தக் கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் வருவதுதான் நாம் பார்க்கும் படம். அதில் பக்கவாட்டில் ஓடுவது தூரம் இல்லை, நேரம். ஓடுபவர்களின் கால்கள் சில படங்களில் கோணல்மாணலாக இழுபட்டுத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஓட்டத்தில் நடுவர் அந்தப் படத்தின் மேல் கோடு போட்டு, யாருடைய உடம்பின் நடுப்பகுதி முதலில் கோட்டை எட்டியது என்று படிக்கிறார். தலையோ கையோ கணக்கில் வராது. ஆக, அங்கே 'படம்' என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது.

நீச்சலில் அது நடக்காது. முடிவு நடக்கும் இடம் முழுக்க நுரையும் தெறிப்பும். ஒருவர் கை மேலிருந்து விழுந்து சுவரைத் தொடும், பக்கத்துப் பாதையில் இருப்பவர் கை தண்ணீருக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு வந்து தொடும். இதை எந்தக் கோணத்திலிருந்து படம் பிடிப்பது? அதனால்தான் சுவரிலேயே தகடு மாட்டினார்கள். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் குறைந்தது 2.4 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம், தடிமன் 1 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அலை வந்து மோதினால் கடிகாரம் நிற்காது, கை வந்து அழுத்தினால் நிற்கும். ஒலிம்பிக்கில் 1968 மெக்சிகோவிலிருந்து இருக்கிறது. கேமராவும் இருக்கிறது, ஆனால் அது சாட்சி மட்டும்தான். தகட்டின் மேல் சந்தேகம் வந்தால்தான் அதைக் கூப்பிடுவார்கள்.

ஆக, நீச்சலில் 'போட்டோ ஃபினிஷ்' என்பது ஆங்கிலத்திலேயே இரவல் வாங்கிய பேச்சு. குதிரையிடமிருந்து வாங்கியது. அவர்களுக்கு அது பழகிப்போன உருவகம், போட்டோ இல்லாவிட்டாலும் உறுத்தாது. நமக்கு அந்தப் பழக்கமும் கிடையாது, பிறகு எதற்காக அந்தப் போட்டோவை மட்டும் தூக்கிச் சுமக்க வேண்டும்?

என் வாதம் இவ்வளவுதான்: அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, வித்தியாசம் மிகச் சிறியது என்பது. இன்னொன்று, அதை எதைக் கொண்டு தீர்த்தார்கள் என்பது. தமிழில் இரண்டையும் பிரித்துவிடலாம்.

முதல் கருத்துக்கு நாம் எதையும் புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. 'நூலிழையில் தப்பினார்', 'நூலிழையில் வெற்றியைத் தவறவிட்டார்' என்று தினமும் எழுதுகிறோம். நூலிழை முடிவு. முடிந்தது.

> மயிரிழை இன்னும் நெருக்கமாயிற்றே? மயிரிழையில் உயிர் தப்பினார் என்றுதானே செய்தித்தாளில் வரும்.

வரும். செய்தித்தாளில் யாரும் முகம் சுளிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் பாடநூலில் போட்டுப் பாருங்கள், ஆசிரியர் அந்த வரியை வாசித்த பிறகு அன்று பாடம் நடக்காது. இன்னொன்றும் இருக்கிறது. நீச்சல் வீரர்கள் பெரிய போட்டிக்கு முன்னால் தண்ணீர் இழுவை குறையட்டும் என்று உடம்பிலுள்ள முடியை எல்லாம் மழித்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களிடம் போய் மயிரிழை முடிவு என்பது கொஞ்சம் அநியாயம்.

'நூல் என்பது ஓட்டப் பந்தய வாசனை அடிக்கிறது, அங்கேதானே முடிவில் நூல் கட்டியிருப்பார்கள்' என்று வந்த மறுப்பை யோசித்துப் பார்த்தேன். நல்ல மறுப்புதான். ஆனால் நூலிழை என்று எழுதுகிற யாரும் அந்த நூலை நினைத்து எழுதுவதில்லை. தேர்தலுக்கும் எழுதுகிறோம், விபத்துக்கும் எழுதுகிறோம். அது அளவைக் குறிக்கிற சொல்லாகிவிட்டது, விடுங்கள்.

இரண்டாவது கருத்துதான் கவனிக்க வேண்டியது. தீர்த்த கருவியின் பெயரை முன்னால் வைத்துத் 'தீர்ப்பு' என்று முடிக்கலாம் என்பது என் யோசனை. ஓட்டத்துக்குப் படத்தீர்ப்பு, நீச்சலுக்குத் தகட்டுத் தீர்ப்பு, அந்தக் காலத்துக்குக் கண் தீர்ப்பு. கண் தீர்ப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நீச்சல் வரலாற்றில் மிகப் பெரிய சர்ச்சையே அதில்தான் இருக்கிறது.

1960, ரோம், ஆண்கள் 100 மீட்டர் பிரீஸ்டைல். ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட், அமெரிக்காவின் லேன்ஸ் லார்சன். முதலிடத்தைப் பார்க்க மூன்று நடுவர்கள், இரண்டாம் இடத்தைப் பார்க்க வேறு மூன்று நடுவர்கள். முதல் மூவரில் இருவர் டெவிட்தான் முதல் என்றார்கள். அடுத்த மூவரில் இருவர் டெவிட்தான் இரண்டாவது என்றார்கள்! கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கு மூன்று. கடிகாரம் வைத்திருந்தவர்களைக் கேட்டால், லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. டெவிட்டுக்கு மூன்று கடிகாரத்திலும் 55.2. அதிகாரபூர்வம் அல்லாத மின்னணுக் கருவி ஒன்றும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது, அதிலும் லார்சன் 55.10, டெவிட் 55.16. இவ்வளவுக்குப் பிறகும் தலைமை நடுவர் டெவிட்டுக்கே தங்கம் என்றார். அதோடு நின்றதா, லார்சனின் நேரத்தையும் 55.2 என்று திருத்தி எழுதினார்கள். தலைமை நடுவருக்கு அப்படி முடிவு செய்ய விதியில் இடம் இருந்ததா என்பதே கேள்வியாயிற்று. அமெரிக்கத் தரப்பு முறையிட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. இன்றும் பட்டியலில் இருவருக்கும் 55.2, ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி.

இதைப் 'போட்டோ ஃபினிஷ் சர்ச்சை' என்று தமிழில் எழுதினால் எவ்வளவு தப்பு என்று பாருங்கள். கடிகாரமும் கருவியும் ஒரு பக்கம், மனிதக் கண் இன்னொரு பக்கம், கடைசியில் ஜெயித்தது கண். கண் தீர்ப்பு என்று எழுதினால் வாசிப்பவருக்குப் பிரச்சினை எங்கே என்று பெயரிலேயே தெரிந்துவிடும்.

12 வருடம் கழித்து நேர் எதிரான தலைவலி. 1972 மியூனிக், 400 மீட்டர் தனிநபர் மெட்லி (நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்துவது). ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4:31.98 என்று பலகையில் ஒரே நேரம். (இவர் வேறு லார்சன், ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று கூடும், தமிழில் எழுதினால் இருவரும் ஒன்றுதான். முன்னவர் இழந்ததைப் பின்னவர் வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அடுத்த தசமத்தைத் தோண்டினார்கள்: 4:31.981, 4:31.983. நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. தங்கம் லார்சனுக்கு. அவர்கள் நீந்திய சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் அது சுமார் 3 மில்லிமீட்டர். குளத்தைக் கட்டும்போது ஒரு பாதைக்கும் இன்னொரு பாதைக்கும் நீளத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்க விதியே இடம் கொடுக்கிறது! அப்படியானால் அளந்தது ஆளையா, சுவரையா? அதற்குப் பிறகுதான் நூறில் ஒரு பங்கு நொடியோடு நிறுத்திக்கொள்வது, அதிலும் சமம் என்றால் இருவருக்கும் பதக்கம் என்று விதி மாறியது.

இங்கேயும் போட்டோ இல்லை. தகடு சொன்னது சரியாகத்தான் இருந்தது, அவ்வளவு நுணுக்கமாக அதைக் கேட்டதுதான் தவறு. தகட்டுத் தீர்ப்பு என்ற பெயர் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

> தகடு வேண்டாம், தொடுபலகை நன்றாக இருக்கிறது. தொடுதிரை போலவே.

தொடுபலகையை மடிக்கணினியில் விரல் தடவுகிற இடத்துக்கு ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். குழப்பம் வரும். அதோடு பலகை என்றால் மனத்தில் ஒரு கனம் வருகிறது, இது 1 சென்டிமீட்டருக்குள் அடங்குகிற சமாச்சாரம். தொடுதகடு என்று வைத்துக்கொண்டு பேச்சில் தகடு என்று சுருக்கிக்கொள்ளலாம். நேரம் காட்டும் பலகை வேறு அங்கே இருக்கிறது, இரண்டையும் பலகை என்றால் வாக்கியம் எழுதவே முடியாது. மேலே 'பலகையில் ஒரே நேரம்' என்று நானே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

'தீண்டுதகடு' என்ற யோசனையை எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாம்பு தீண்டும், தீண்டாமை இருக்கிறது, அந்தச் சொல்லுக்குச் சுமை அதிகம். தொடு போதும்.

ஆனால் 'தொடு' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத்தான் நீங்கள் எல்லோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2008 பெய்ஜிங், 100 மீட்டர் பட்டர்பிளை. 50 மீட்டர் திரும்பும்போது செர்பியாவின் மிலோராட் சாவிச் முதலில், மைக்கேல் பெல்ப்ஸ் ஏழாவது. கடைசியில் பெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. தண்ணீருக்கு மேலே பார்த்த எவருக்கும் சாவிச் ஜெயித்த மாதிரிதான் தெரிந்தது. அவர் கைகளை நீட்டியபடி சுவரை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தார், பெல்ப்ஸ் இன்னொரு அரை வீச்சுப் போட்டுச் சுவரை ஓங்கி அறைந்தார். செர்பியத் தரப்பு முறையிட்டது. நீருக்கடியில் எடுத்த பதிவை ஒவ்வொரு படமாக நிறுத்திக் காட்டிய பிறகு முடிவை ஏற்றுக்கொண்டது. நேரம் கணித்த நிறுவனமே பெல்ப்ஸுக்கு விளம்பர ஆதரவு கொடுத்த நிறுவனமாகவும் இருந்ததால் முணுமுணுப்பு அப்புறமும் ஓயவில்லை.

அந்த முணுமுணுப்பின் சாரம் என்ன? 'சாவிச் தொட்டார், பெல்ப்ஸ் அழுத்தினார்' என்பதுதான். தகட்டுக்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும். விரல் நுனி மெதுவாகப் பட்டால் அதற்குப் பட்டதாகவே கணக்கில்லை. அப்படியானால் தொடுதகடு என்ற பெயரே கொஞ்சம் பொய் சொல்கிறதா? அழுத்துதகடு என்றால்தான் சரியா? நான் இரண்டு நாள் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தொடுதகடே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நீந்துபவருக்கு விதி சொல்வது சுவரைத் தொட வேண்டும் என்றுதான், அழுத்த வேண்டும் என்று இல்லை. கருவி அதை எப்படி உணர்கிறது என்பது கருவியின் பாடு. தொடுதிரையிலும் உள்ளே நடப்பது வேறுதானே, நாம் தொடுதிரை என்று சொல்லவில்லையா. யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

(இந்த ஒரு பந்தயத்தில் படம் உள்ளே வந்ததே என்று யாராவது பிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: வந்தது, தகட்டை உறுதி செய்ய வந்தது. தீர்ப்பு தகட்டினுடையது. படம் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கியது.)

'சர்ச்சைக்குரிய' என்பதற்குப் புதுச்சொல் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஆனால் சர்ச்சையும் முறையீடும் வேறு என்பதை வைத்துக்கொள்வோம். ஊர் பேசினால் சர்ச்சை, அணி எழுத்தில் கொடுத்தால் முறையீடு. 'எதிர்ப்புத் தெரிவித்தது' என்று எழுதினால் கொடி பிடித்துக் கோஷம் போட்ட மாதிரி இருக்கிறது.

அடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால்? 'சமநிலை' என்று போட்டிருக்கிறீர்கள். அது ஆட்டம் டிராவில் முடிவதற்குப் பட்டா போட்டாயிற்று. இணைமுடிவு என்று சொல்லிப் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் 100 மீட்டர் பிரீஸ்டைலில் நான்சி ஹாக்ஸ்ஹெட்டும் கேரி ஸ்டைன்சைஃபரும் 55.92-ல் தங்கம் வாங்கியது இணைமுடிவு. 2000 சிட்னியில் ஆண்டனி எர்வின், கேரி ஹால் ஜூனியர், 50 மீட்டர், இருவருக்கும் 21.98. 2016 ரியோவில் சிமோன் மானுவல், பென்னி ஒலெக்ஸியாக், 52.70.

> இணை என்றால் இரண்டு பேர்தானே? மூன்று பேர் வந்தால் என்ன செய்வீர்கள்?

வந்திருக்கிறார்கள். அதே ரியோவில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்பிளையில் ஜோசப் ஸ்கூலிங் 50.39-ல் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போக, அவருக்குப் பின்னால் பெல்ப்ஸ், சாட் லெ க்ளோ, லாஸ்லோ சேஹ் மூவரும் 51.14. மூன்று வெள்ளி, வெண்கலமே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் நூறில் ஒரு பங்கில் ஜெயித்தவரைத் தகடு இந்தத் தடவை கூட்டத்தோடு நிறுத்திவிட்டது. இதற்கும் இணைமுடிவு பொருந்தும் என்றே நினைக்கிறேன். இணை என்பதற்கு ஜோடி என்ற பொருள் மட்டும் இல்லை, ஒப்பு என்ற பொருளும் உண்டு. 'இணையற்ற வீரர்' என்றால் கல்யாணம் ஆகாதவர் என்றா புரிந்துகொள்கிறோம்? வேண்டுமானால் 'மூவர் இணைமுடிவு' என்று எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும், அதனால் இரண்டு வரி: 'நூலிழை முடிவில் தகட்டுத் தீர்ப்பு பெல்ப்ஸுக்குச் சாதகமாக வந்தது, செர்பியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை.' 'டெவிட்டின் தங்கம் கண் தீர்ப்பில் வந்தது.' எனக்கு உறுத்தவில்லை. 'தகட்டுத் தீர்ப்பு' வாயில் கொஞ்சம் தடுக்குகிறது, ட்டு, த்தீ, ப்பு என்று வல்லினம் வரிசை கட்டி நிற்கிறது. 'தகடு சொன்னபடி' என்று பேச்சு நடையில் எழுதிவிட்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

படமுடிவு, நிழற்பட முடிவு இரண்டையும் நம் சொற்பட்டியலில் ஓட்டத்துக்கான பதிவுக்கு நகர்த்திவிடுகிறேன், அங்கே அவற்றில் எது என்று தனியாக அடித்துக்கொள்ளலாம். நீச்சல் பதிவில் நூலிழை முடிவு, தொடுதகடு, இணைமுடிவு மூன்றையும் ஏற்றுகிறேன். தகட்டுத் தீர்ப்பை மட்டும் கேள்விக்குறியோடு வைக்கிறேன், இதைவிட நாக்குக்கு லேசாக ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள்.