செமஸ்டர் வந்தாலே எனக்கு எடை ஏறுகிறது, ரூம்மேட்டுக்கு இறங்குகிறது, ஏன்?

கருப்பூர்_ஹாஸ்டல்:
எம்.எஸ்ஸி. படிக்கிறேன். சேரும்போது 54 கிலோ, இப்போது 61, உயரம் 158 செ.மீ. பரீட்சை நெருங்கினால் ராத்திரி இரண்டு மணி வரை முழிப்பு, கூடவே தட்டுவடை செட், முறுக்கு, டீ என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. என் ரூம்மேட்டுக்கும் அதே டென்ஷன்தான், ஆனால் அவளுக்குச் சோறே இறங்காது, மெலிந்துகொண்டே போகிறாள். ஒரே டென்ஷன் இரண்டு பேரை எப்படி இரண்டு விதமாகப் பண்ணும்?

ஐந்துரோடு_ஆசாமி:
ராத்திரி சாப்பாட்டை அடியோடு நிறுத்துங்க, தானா குறையும்.

செவ்வாய்ப்பேட்டை_அக்கா:
தம்பி, அப்படி எட்டு மணிக்குப் பட்டினி கிடந்தால் பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாதான் தேடும். கருப்பூர், நான் டயட்டீஷியன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். திடீர்ப் பதற்றத்தில் அட்ரினலின் என்கிற ஹார்மோன் பசியை அமுக்கிவிடும். அதே பதற்றம் வாரக்கணக்கில் நீண்டால் கார்ட்டிசோல் என்கிற இன்னொரு ஹார்மோன் ஏறி, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் மேல் மனசு ஓடும். இதில் எது ஓங்கி நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் உன் அறையிலேயே இரண்டையும் பார்க்கிறாய். ஆனால் உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் தூக்கத்தின் மேல்தான். தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும், போதாததற்கு முழித்திருக்கிற நேரமெல்லாம் சாப்பிடுகிற நேரமாகிவிடும். மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு, சுண்டல் இருந்தால் விடாதே, பன்னிரண்டுக்குப் படு.

உன் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு, 24.4 வருகிறது. 25 வரை நார்மல் என்கிற சார்ட்டைப் பார்த்து நிம்மதியாகிவிடாதே, நம் ஊர் உடம்புக்கு 23-லிருந்தே அதிக எடைக் கணக்குதான். மாதவிடாய் தள்ளிப்போகிறது, எப்பவும் அசதி என்றால் தைராய்டும் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பைக் கோளாறும் இருக்கிறதா என்று பார்த்துவிடு, எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்ட வேண்டாம்.

ஏற்காடு_வாசி:
ஞாயிற்றுக்கிழமை மேலே வாங்க, 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறினால் தூக்கம் தானா வரும் :) சும்மா சொன்னேன், பஸ்ஸிலேயே வாங்க, ஏரியைச் சுற்றி நடந்தால் போதும். கீழே சேலத்து வெயிலில் நடப்பதாக இருந்தால் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்க.

செவ்வாய்ப்பேட்டை_அக்கா:
ரூம்மேட்டை யாருமே கேட்கவில்லையே. மெலிகிறவளை "கொடுத்து வைத்தவள்" என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிடுவார்கள். பரீட்சை முடிந்தும் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் 14416-க்குப் பேசச் சொல், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கருப்பூர்_ஹாஸ்டல்:
சரிங்க அக்கா. அவளுக்கு இதைக் காட்டினேன், "முதலில் நீ தூங்கு, நீ லைட்டை அணைத்தால் நானும் தூங்குவேன்" என்கிறாள்.