அண்ணனோடு ஒப்புரவாக வழி தேடுகிறேன்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். களக்காட்டுப் பக்கம் அப்பா விட்டுச் சென்ற ஒரே கிணற்றில் எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு நாள் முறைத் தண்ணீர். கிணறு அண்ணன் பங்கு நிலத்தில் இருக்கிறது. என் உரிமை வாய்ச்சொல்லாக மட்டுமே உள்ளது. சென்ற ஆண்டு சித்திரையில், ஏத்தன் வாழை குலை தள்ளும் நேரத்தில், அவர் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார். வாடிய பயிரைப் பார்த்த கோபத்தில் நான் பூட்டை உடைத்தேன். அது என் தவறு.

அன்றிலிருந்து 14 மாதங்களாக அவர் என்னோடு பேசுவதில்லை. மூன்று முறை வீட்டிற்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பூட்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் உரிய பணத்தை மதினியிடம் கொடுத்தேன், அது திரும்பி வந்தது. மத்தேயு 18-இல் உள்ளபடி இரண்டு பெரியவர்களை அழைத்துச் சென்றேன்; எங்கள் சபைப் போதகரான ஐயரும் பேசிப் பார்த்தார். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்தும் அண்ணன் முகம் திருப்பிக்கொண்டபோது, காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24 என்னை உறுத்தியது. ஐந்து மாதங்களாக நான் திருவிருந்து (நற்கருணை) எடுக்கவில்லை.

அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று 1 கொரிந்தியர் 6:7 கேட்கிறது. ஆனால் தண்ணீர் இல்லையென்றால் என் ஒன்றரை ஏக்கரும் தரிசாகும், பிள்ளைகள் படிப்பும் அதை நம்பியே இருக்கிறது.

இப்படிப்பட்ட நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: சமாதானத்திற்காகக் கிணற்று உரிமையை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?