நுவரெலியாவில் புகைப் பரிசோதனையில் தவறிய ஸ்கூட்டர்: எதைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: இராகலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பாவிப்பது 110 சிசி கார்புரேட்டர் ஸ்கூட்டர். வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னர் கம்பஹாவில் இருக்கும் என் அண்ணன் வாங்கி ஓட்டி, பின்னர் எனக்குத் தந்தது. அங்கே இருந்தவரை ஆண்டுதோறும் தடையின்றித் தேறிய வண்டி, இம்முறை நுவரெலியாவில் பரிசோதித்தபோது காபனோரொட்சைட்டு கூடுதலென்று நிராகரிக்கப்பட்டதால், வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாமல் இருக்கிறேன். எரியாத பெற்றோலைக் காட்டும் ஐதரோகாபன் அளவு எல்லைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகையும் இல்லை. றம்பொடை இறக்கத்தில் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிச் சத்தம் கேட்பதாகச் சொன்னபோது, சைலன்சருக்குக் காற்று கொண்டுபோகும் குழாயை அடைத்துவிடலாம் என்றார் ஒரு மெக்கானிக். உள்ளே இருக்கும் ஊக்கி மாற்றியையே கழற்றிவிட்டால் இழுவை கூடும் என்றார் இன்னொருவர். அந்தப் பாகங்கள் எதற்காக இருக்கின்றன என்று தெரியாமல் கைவைக்க எனக்கு மனமில்லை. விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வாகனத் தொழில்நுட்பப் போதனாசிரியர், ஹட்டன்

ஆசிரியை அவர்களே, கைவைக்காமல் கேட்டது மிக நல்லது. இரண்டையும் செய்ய வேண்டாம்.

காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாத வாயு என்பதால், புகை தெரியாத வண்டியிலும் அது மிகுந்திருக்கலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது; கறுப்புப் புகை என்றால் பெற்றோல் மிக மிஞ்சிப் போகிறது; நம் ஊர்க் காலைக் குளிரில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. உங்கள் வண்டியில் பெற்றோல் முழுதாக எரியப் போதிய ஒட்சிசன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு உயரமே முதற்காரணம் என்று நினைக்கிறேன். ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கோ தன்னூடாகப் போகும் காற்றின் நிறையை அறியும் வழி இல்லை. காற்று ஐதானாலும் அதற்கேற்ற அளவுக்குப் பெற்றோலை அது குறைப்பதில்லை. அதனால் கம்பஹாவில் அளவாக இருந்த கலவை, இங்கே வரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பெற்றோல் கூடிய கலவையாகிவிடுகிறது. இப்படிக் கூடும்போது காபனோரொட்சைட்டு வேகமாக உயரும், ஐதரோகாபன் அந்த அளவுக்கு உயராது. உங்கள் பரிசோதனைச் சீட்டு காட்டுவதும் அதையே.

இனி அந்தக் காற்றுக் குழாய். வெளியேற்று வால்வு மூடியவுடன் அதன் வாயிலில் ஒரு கணம் அமுக்கம் குறைகிறது; அந்தக் கணத்தில் மெல்லிய தகடாலான ஒருவழி வால்வு திறந்து, வடிகட்டிய காற்றை வாயிலுக்குள் விடுகிறது. பம்பு எதுவும் கிடையாது. எஞ்சினின் துடிப்பே காற்றை இழுத்துக்கொள்கிறது. எரியாமல் வந்த காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அந்த ஒட்சிசனோடு சேர்ந்து சூடான வாயிலில் ஓரளவு எரிய, மிச்சத்தைச் சைலன்சருக்குள் இருக்கும் ஊக்கி மாற்றி எரிக்கிறது. தேன்கூடு போன்ற அதன் அறைகளில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். குழாயை அடைத்தால் மாற்றிக்கு ஒட்சிசன் போகாது, உங்கள் வாசிப்பு இன்னும் மோசமாகும்.

இறக்கத்தில் கேட்கும் வெடிச் சத்தத்துக்கும் இதே அமைப்பில்தான் விடை இருக்கிறது. எக்சலேட்டரை முழுதாக விட்டு இறங்கும்போது எரியாத கலவை சைலன்சருக்குள் போகும். அப்போது புதுக்காற்றும் சேர்ந்தால் அது அங்கே வெடிக்கும். அதைத் தவிர்க்க, அந்த நேரத்தில் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் காற்றை நிறுத்தும் கட்டுப்பாட்டு வால்வு ஒன்றை இந்த அமைப்பிலேயே வைத்திருப்பார்கள். அந்த வால்வுக்குப் போகும் சிறிய இறப்பர் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ காற்று நிற்காது. சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே சத்தம் வரும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: கொட்டகலை கராஜ்

போதனாசிரியர் சேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் குழாயால் வரும் காற்று நச்சு வாயுவை எரிப்பதோடு, சைலன்சர் வாயில் அளக்கப்படும் புகையை ஐதாக்கவும் செய்கிறது. ஆகவே வாசிப்பு குறைவாக வந்தால் கலவை சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாங்கள் ஐட்லிங் கலவையை (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது போகும் கலவை) சரிசெய்யும் நேரத்துக்கு மட்டும் அந்தக் குழாயை அடைத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கார்புரேட்டரின் கலவைத் திருகை அளவாக வைத்து, முடிந்ததும் குழாயைத் திரும்பப் பொருத்துகிறோம். பரிசோதனைக்காகத் திருகை அளவுக்கு மீறி இறுக்கிச் சான்றிதழ் எடுத்துவிட்டு மறுநாள் பழையபடி திறந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை; பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் புகையை அந்தப் பிள்ளையும் சுவாசிக்கிறது.

திருகைத் தொடுவதற்கு முன் எயார் பில்டரையும் பாருங்கள். ஒயில் தோய்ந்த கடதாசி பில்டரைக் காற்றடித்துத் துப்புரவாக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். தோட்டப் பாதைத் தூசியில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்ற வேண்டிவரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டிலிருந்து பாடசாலை மிகக் கிட்ட. வண்டி சூடேறும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறேன். இதுவும் ஒரு காரணமா? 2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்திருப்பதால், இதை விற்றுவிட்டுப் பெற்றோல் இன்ஜெக்சன் உள்ள வண்டி வாங்குவது நல்லதா?

பதில்: வாகனத் தொழில்நுட்பப் போதனாசிரியர், ஹட்டன்

ஆம், அதுவும் ஒரு காரணமே. ஊக்கி மாற்றி ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே ஒழுங்காக வேலை செய்யும். பரிசோதனைக்குப் போகும்போது நல்ல தூரம் ஓடிச் சென்று, வரிசையில் நீண்ட நேரம் ஆறவிடாமல் கொடுங்கள்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பிறகு, அங்கே விற்கப்படும் ஸ்கூட்டர்கள் இன்ஜெக்சனுக்கு மாறிவிட்டன. அவற்றில் காற்றமுக்கத்தை ஒரு சென்சரும், வெளிவரும் புகையில் மிஞ்சிய ஒட்சிசனை இன்னொரு சென்சரும் அளக்க, கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலேயே கலவை திருத்தப்பட்டுவிடும். மலையகத்துக்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு அது.

ஆனாலும் விற்பதற்கு முன் ஓட்டோ சோக்கைச் சோதித்துப் பாருங்கள். குளிரில் எஞ்சின் பிடிப்பதற்காகக் கூடுதல் பெற்றோல் விடும் அந்தப் பாகத்தைப் பல வண்டிகளில் மின்சாரம் சூடாக்கிச் சில நிமிடங்களில் மூடுகிறது. அதன் வயர் அறுந்திருந்தால் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் சோக் திறந்தே இருக்கும். எந்தத் திருகை எப்படி வைத்தாலும் காபனோரொட்சைட்டு இறங்காது. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் சொக்கட்டில் மின்சாரம் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பார்ப்பது கராஜில் சிறிய வேலை.