தம்பி கப்பல் வேலைக்குப் போகிறான், ஏழு நாள் கரையே வராதாம். உள்ளே எப்படி இருக்கும்?

பாலக்கோடு கவிதா:
வணக்கம். அப்பாவுக்குத் தக்காளி மண்டியில் வேலை, எங்கள் வீட்டில் ஒகேனக்கல் பரிசலைத் தாண்டி யாரும் தண்ணீரில் போனது கிடையாது. தம்பி கேட்டரிங் படித்துவிட்டு ஓசூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் இருந்தான், இப்போது பயணிகள் கப்பலில் கேலி யூட்டிலிட்டி என்று வேலை கிடைத்திருக்கிறது. (கேலி என்றால் கப்பல் சமையலறையாம், யூட்டிலிட்டி என்றால் அங்கே கழுவித் துடைக்கிற ஆளாம். அம்மா முதலில், யாரைக் கேலி செய்ய இவ்வளவு தூரம் போகிறான் என்று கேட்டார்.) அக்டோபர் நடுவில் பார்சிலோனாவில் ஏறுகிறான், கப்பல் வழியில் ஓரிரு ஊரில் நின்றுவிட்டு அட்லாண்டிக்கைத் தாண்டி ஃப்ளோரிடா போகிறது. நடுவில் ஏழு நாள் வரிசையாக ஊர்ப் பெயரே இல்லாமல் "கடல், கடல்" என்று தாளில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததில் இருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஏழு நாள் வேலை, தூக்கம், சாப்பாடு, போன் எல்லாம் எப்படி? தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போதே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்காருகிறவன் அவன். இன்னொன்று, ஏஜென்ட் ஒருவர் தனியாக சர்வீஸ் சார்ஜ் கேட்கிறார், அது கொடுக்க வேண்டியதுதானா?

காவேரிப்பட்டணம் கப்பல்காரன்:
நான் நாலு கான்ட்ராக்ட் கேலியில் இருந்துவிட்டு இப்போது ஊரில் மெஸ் வைத்திருக்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன் சகோதரி, அந்த ஏழு நாள்தான் கேலிக்கு அதிக வேலை. ஊர் வந்தால் பயணிகள் பாதிப் பேர் இறங்கிப் போய் வெளியே சாப்பிடுவார்கள், தட்டு குறையும். நடுக்கடலில் யார் எங்கே போவது? காலை, மதியம், மாலை, ராத்திரி எல்லாம் அங்கேயேதான், சும்மா இருக்கிற மனுஷனுக்குப் பசி வேறு அதிகம். வேலை துண்டு துண்டாக வரும், காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், கூட்டினால் பத்துப் பதினொரு மணி நேரம். வாரலீவு கிடையாது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரவேண்டும், அதை இரண்டாகத்தான் பிரிக்கலாம், அதில் ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தை வீணாக்காமல் தூங்கச் சொல்லுங்கள், முதல் மாதம் எல்லோரும் க்ரூ (கப்பல் ஊழியர்) பாரில் உட்கார்ந்து கெட்டுப்போவார்கள்.

ஆனால் தம்பிக்கு ஒரு அதிர்ஷ்டம், மேற்கே பார்த்துப் போகிறான். ஃப்ளோரிடா போய்ச் சேருவதற்குள் கடிகாரத்தை ஆறு தடவை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதாவது ஆறு நாள், ஒவ்வொன்றும் 25 மணி நேரம். நான் முதல் தடவை ஏப்ரலில் எதிர்ப்பக்கம் போனேன், ஆறு நாளும் 23 மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வேலையில் இருந்தா எடுப்பார்கள், தூக்கத்தில் இருந்துதான். நாலாவது நாள் நான் நின்றுகொண்டே தூங்கி ஒரு ட்ரே கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தேன்.

அறை கீழ்த்தளத்தில் இருக்கும், மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஆளுக்கொரு திரை, ஜன்னல் கிடையாது. லைட்டை அணைத்தால் பகலா ராத்திரியா தெரியாது. நான் மெஸ்ஸுக்குப் போய், முட்டை வைத்திருந்தால் காலை என்று கண்டுபிடிப்பேன். கீழே முன்னால் இருந்து பின்னால் வரை ஒரு நீள நடைபாதை ஓடும், அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பெயரில் அதை ஐ-95 என்பார்கள். நமக்கு 44-ஆம் நம்பர் ரோடு மாதிரி, தள்ளுவண்டி, குப்பை, சமையல்காரர், டான்ஸ் ஆடுகிறவர் எல்லாம் அதில்தான். ஏறியதும் பாதுகாப்பு வகுப்பு இருக்கும். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்பது என்று அதில் சொல்வதைத் தூங்காமல் கேட்கட்டும்.

இன்னொன்று, அமெரிக்கா போகிற கப்பல் என்பதால் கடல் முழுக்கத் தேய்ப்புதான். அங்கே சுகாதாரத் துறை ஆட்கள் சொல்லாமல் ஏறி 100-க்கு மார்க் போடுவார்கள், 85-ம் அதற்குக் கீழும் ஃபெயில். பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தாலே போதும் என்று இருந்த எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. கழுவ ஒரு வாளி, அலச ஒரு வாளி, கிருமி மருந்துக்கு ஒரு வாளி, மூன்றுக்கும் மூன்று நிறம். மாற்றிக் கையை விட்டால் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவார்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், க்ரூ மெஸ்ஸில் தினமும் சோறு உண்டு. ஊறுகாய் மட்டும் வீட்டு பாட்டிலில் கொடுத்தனுப்பாதீர்கள். என் பெட்டியில் அது கசிந்து, முதல் நாளே மாங்காய்க் கறையோடு வெள்ளைக் கோட் போட்டு நின்றேன். கடையில் விற்கும் பருப்புப் பொடி போதும். நெய் கூடவே கூடாது, பால் பொருள் எதையும் ஐரோப்பாவுக்குள் எடுத்துப் போக விடமாட்டார்கள்.

கிருஷ்ணகிரி டீச்சரம்மா (ஓய்வு):
கவிதா, நான் பயணியாகப் போனவள், மகள் கூட்டிப்போனாள். நியூயார்க்கில் ஏறி ஏழு ராத்திரி கழித்து இங்கிலாந்தில் இறங்கினோம், குயின் மேரி 2 என்ற கப்பல், 2004-இல் இருந்து ஓடுகிறது. அதில் நாய்களுக்குத் தனி அறை இருக்கிறதம்மா, அவை காலைத் தூக்குவதற்கென்றே ஒரு நியூயார்க் தீயணைப்புக் குழாயும் ஒரு இங்கிலாந்து விளக்குக் கம்பமும் நட்டு வைத்திருக்கிறார்கள்! நான் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மகளுக்கு வெட்கமாகிவிட்டது.

முதல் இரண்டு நாள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சலித்துவிட்டது, பறவைகூடக் கிடையாது. மேல்தளத்தில் சுற்றிச் சுற்றி நடப்பது, சாப்பிடுவது, மதியம் கேப்டன் மைக்கில் எங்கே இருக்கிறோம், காற்று எப்படி என்று சொல்வதைக் கேட்பது, மறுபடி சாப்பிடுவது.

எங்கள் அறையைச் சுத்தம் செய்த பையன் ஒருநாள் துண்டை மடித்துக்கொண்டே, "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டான். நான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். இல்லை, அவன் மூன்று நாளாக வெளியே எட்டிப் பார்க்கவே இல்லையாம். திரையை விலக்கிக் காட்டினேன், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். உன் தம்பியைத் தினம் பத்து நிமிஷமாவது, ஊழியர்களுக்கு என்று விட்டிருக்கும் திறந்த தளத்துக்குப் போய் வெளிச்சத்தில் நிற்கச் சொல்.

எஞ்சின் ரூம் அரூரான்:
கவிதா அக்கா, முதலில் பணம். கொடுக்காதீர்கள். வேலை வாங்கித்தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. மெடிக்கல், சிடிசி (மாலுமிக்கான அடையாளப் புத்தகம்), பாஸ்போர்ட் செலவு நம்முடையது, விசா செலவு கம்பெனியுடையது. ஏஜென்டுக்கு ஆர்பிஎஸ்எல் (மாலுமிகளை வேலைக்கு எடுக்க அரசு தரும்) லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்று, மத்திய அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் தளத்தில் பாருங்கள், இல்லை என்றால் பேச்சே வேண்டாம்.

ஆட்டம்: கப்பல் பரிசல் மாதிரி சுற்றாது, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும். நடுவிலும் கீழேயும் ஆட்டம் குறைவு, மேலே பால்கனி அறைக்குக் காசு கொட்டியவர்தான் அதிகம் ஆடுவார். பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கப்பல்காரர்களின் பழைய மருந்து, வெறும் வயிறு ஆகாது. இரண்டு மூன்று நாளில் பழகும், தொப்பூரைவிடச் சுலபம்தான்.

போன்: இப்போது பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் வந்துவிட்டது, நடுக்கடலிலும் வாட்ஸ்அப் போகும், பேக்கேஜ் காசு கட்டி வாங்க வேண்டும். ஊர் சிம்மை ஏரோப்ளேன் மோடில் வைக்கச் சொல்லுங்கள், கப்பல் டவரைத் தானாகப் பிடித்துக்கொண்டால் பில் தாங்காது. பார்சிலோனாவில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பான், ஃப்ளோரிடாவில் ஒன்பதரை. தினமும் ஒரே நேரத்துக்குப் போன் வரும் என்று அம்மா உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பாலக்கோடு கவிதா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லைசென்ஸ் நம்பர் கேட்டோம், அதில் இருந்து ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. நல்லவேளை, வேலை வேறு ஆள் வழியாக வந்தது, அவர்களிடம் லைசென்ஸ் இருக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் படித்துக் காட்டினேன். அவருக்கு இருக்கிற ஒரே சந்தேகம்: ஏழு நாளுக்குத் தண்ணீர் எப்படி, தினமும் வருமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?

எஞ்சின் ரூம் அரூரான்:
நம்மூர் அம்மா இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். தினமும் வரும், 24 மணி நேரமும். கடல் தண்ணீரை எஞ்சின் சூட்டிலேயே ஆவியாக்கி உப்பைப் பிரித்து எடுப்போம், சில கப்பலில் ஆர்ஓ மாதிரி சவ்வு வைத்து வடிகட்டுவார்கள். லாரியும் வேண்டாம், குடமும் வேண்டாம்.

பாலக்கோடு கவிதா:
சொன்னேன். சரி என்றார். இப்போது, நேற்றே உருக்கி வைத்த ஒரு கிலோ நெய்யை என்ன செய்வது என்று என்னைப் பார்க்கிறார்.